ஏழாவது எபிசோடில் வீட்டுக்கு வந்தவன்

அத்தியாயம் 11

தங்கை ஷாரோனின் காலேஜ் பேச்சு வந்ததும் பிரேம்நாத் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன அந்த நாளுக்குப் பிறகு, வீட்டில் யாரும் காலேஜ் பெயரை எடுக்கவில்லை. ஷாரோனின் பெட்டி மட்டும் ஹாலில் வாய் திறந்து கிடந்தது. தினமும் அதில் ஏதாவது ஒன்று சேர்ந்துகொண்டே வந்தது.

சேர்ப்பவள் அம்மா கலையரசி. காந்தி ரோட்டுப் பட்டுக்கடையில் பகலெல்லாம் சேலை விரித்துக் காட்டிவிட்டு வீடு திரும்பும்போது, கையில் ஒரு சோப்பு டப்பாவோ துண்டோ இருக்கும். மகளுக்குக் கவுன்சிலிங்கில் கிடைத்திருப்பது கோயம்புத்தூர்ப் பக்கம் பெரிய இன்ஜினியரிங் காலேஜ். மகன் சேர்ந்து, இரண்டாம் வருடத்தின் நடுவில் விட்டுவிட்டு வந்த அதே காலேஜ்.

பிரேம்நாத் அப்படி வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஏன் வந்தான் என்று கேட்ட தெருக்காரர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொன்னாள். சர்ச்சில் கேட்டவர்களிடம் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். சொல்லிச் சொல்லி வீட்டுக்குள்ளும் அதுவே நிஜமாகிவிட்டது. ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வரும் அவள் கணவர் டேனியல், வழியில் கீழாநெல்லி தேடிப் பறித்து வந்து மகனுக்கு அரைத்துக் கொடுத்தார். அவனும் மறுபேச்சுப் பேசாமல் குடித்தான்.

இன்று சாயங்காலம் ஷாரோன் கிளம்ப வேண்டும்.

அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போன பிறகு அவள் அண்ணன் படுத்திருந்த இடத்துக்கு வந்து நின்றாள்.

"கடைக்குப் போலியாண்ணா?"

"லீவு போட்டுட்டேன்."

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறான் பிரேம்நாத். லீவே போடாதவன்.

"இன்னிக்கு நீலக்கதவு பேசிடலாம்னு இருக்கேன். அங்க போயிட்டா ரூம்ல எத்தினி பேர் இருப்பாங்களோ, பேச முடியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "நீயும் வரியா?"

ஷாரோனுக்கு ஒரு யூடியூப் சேனல் உண்டு. பெயர் 'ப்ளஸ் மைனஸ்'. ஜப்பான் அனிமே தொடர்களைத் தமிழில் அலசுவது. உண்மையில் ஆரம்பித்தவன் பிரேம்நாத், ப்ளஸ் டூ படிக்கும்போது. அண்ணன் நல்லதைச் சொல்வான், தங்கை குறையைச் சொல்வாள். அவன் காலேஜுக்குப் போன பிறகு இரண்டையும் அவளே சொல்லி வந்தாள். அவன் திரும்பி வந்த பிறகும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் கூப்பிடுவாள். அவன் தலையை மட்டும் ஆட்டி மறுத்துவிடுவான்.

இன்றைக்கு எழுந்து உட்கார்ந்தான்.

"பாத்துட்டியா முழுசா?"

"நீ?"

"நானும் பாத்துட்டேன்."

ஷாரோனுக்குத் தெரியாது. அவன் தனியாக, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்திருக்கிறான்.

"அப்ப வழக்கம்போல நீ ப்ளஸ் சொல்லு. நான் மைனஸ்."

"இன்னிக்கு மாத்திக்கலாம்," என்றான் பிரேம்நாத். "மைனஸ் நான் சொல்றேன்."

கீழ் வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் சாப்பிடப் போகும் நேரம்தான் இவர்கள் பேசும் நேரம். தறிச் சத்தம் நிற்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். ஷாரோன் சுவரில் போர்வையைக் கட்டினாள். பிரேம்நாத் போனை ஸ்டூல்மேல் நிறுத்தி, ஒயர் மைக்கைத் தங்கையின் சுடிதார் காலரில் மாட்டிவிட்டான். கை பழசை மறக்கவில்லை.

சத்தம் நின்றது.

"வணக்கம் மக்களே, ப்ளஸ் மைனஸ் சேனலுக்கு வந்திருக்கீங்க. ரொம்ப நாள் கழிச்சி அண்ணன் வந்துக்கீறாரு. இன்னிக்கு நாம பேசப்போறது நீலக்கதவு."

ஜப்பானியப் பெயர் நீளமானது. இவர்களுக்கு அது நீலக்கதவுதான். கடலோரப் பாறைமேல் ஒரு மந்திரப் பள்ளி. அதற்கு ஒரு நீலக்கதவு. மந்திரம் உள்ளவர்களுக்கு மட்டுமே அது திறக்கும். மியோரி என்கிற பெண் அதில் சேர்ந்து படித்து மந்திரக்காரி ஆவதுதான் பன்னிரண்டு எபிசோடும்.

"மொத ப்ளஸ், இதுல மந்திரம் சும்மா வராது," என்றாள் ஷாரோன். "ஒவ்வொண்ணு கத்துக்கும்போதும் ஒரு ஞாபகத்தக் குடுத்துடணும். மியோரி விளக்கேத்துற மந்திரம் கத்துக்கினதும் அவங்க வீடு எந்தத் தெருன்னு மறந்துபோவுது. அதனால அவ ஜெயிக்கும்போதெல்லாம் நமக்கு சந்தோஷமா இல்ல, பயமா இருக்குது. அடுத்து என்னாத்த மறக்கப் போறாளோன்னு. ரெண்டாவது, மழை. யாரு வரைஞ்சாங்களோ, இங்க நம்ம துணி நனையிற மாதிரி இருக்குது. மூணாவது, பரிட்சை ஹால் சீன். அஞ்சு நிமிஷம் மியூசிக்கே இல்ல. பேனா சத்தம் மட்டும்தான்."

இந்த நேரத்தில்தான் கலையரசி மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். கடையில் கேட்டுக்கொண்டு ஒரு பக்கெட்டும் மக்கும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தாள். கடைச் சீருடைச் சேலை. முகூர்த்த சீசன், உடனே திரும்பியாக வேண்டும்.

மேலே குரல் கேட்டதும் நின்றாள். பிள்ளைகள் பேசிப் பதிவு செய்யும்போது பாத்திரம்கூட உருட்டக் கூடாது என்பது பழைய வழக்கம். மகள் குரலுக்குப் பிறகு மகன் குரல் கேட்டது. அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள், பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு.

எத்தனை நாளாயிற்று அவன் இவ்வளவு நீளமாகப் பேசிக் கேட்டு.

"நான் மைனஸ் சொல்றேன்," என்றது பிரேம்நாத்தின் குரல். "போட்டின்னு சொல்லிட்டு நாலு எபிசோடு சண்ட. கத அப்படியே நின்னுபோச்சு. அடுத்தது, கடைசி எபிசோடு. மியோரி மறந்ததெல்லாம் ஒரே மந்திரத்துல திரும்பி வந்துடுது. அப்ப இத்தினி நாள் அவ குடுத்ததுக்கு என்னா அர்த்தம்?"

"கரெக்ட்," என்றாள் ஷாரோன்.

"இன்னொண்ணு. மொத எபிசோடுல அந்த ஹெட்மாஸ்டர் சொல்றாரு, இந்தக் கதவ யார் வேணா திறக்கலாம், உழைச்சா போதும்னு. கடைசியில பாத்தா மியோரியோட தாத்தா பெரிய மந்திரவாதியாம். அவளுக்கு ரத்தத்துலயே இருக்குதாம். அப்ப உழைச்சா போதும்னது யாருக்கு?"

கலையரசிக்கு அந்தக் கதை புரியவில்லை. புரிய வேண்டும் என்றும் இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்று இருந்தது.

"நானும் ஒரு மைனஸ் சேத்துக்கறேன்," என்றாள் ஷாரோன். "கெந்தா. படகு ஓட்டறவரோட பையன். அவனுக்கு மந்திரம் மெதுவாத்தான் வரும். ஏழாவது எபிசோடுல ஒரு நாள் மழையில பெட்டியத் தூக்கிக்கினு கேட்டத் தாண்டி வீட்டுக்குப் போயிடறான். ஏன் போறான்னு சொல்லல. சரி, அது இருக்கட்டும். அதுக்கப்புறம் அஞ்சு எபிசோடு வருது. ஒருத்தர்கூட அவன் பேரச் சொல்லல. அவன் கட்டில் காலியா இருக்குது, அத யாரும் பாக்கக்கூட இல்ல. எழுதினவங்களே அவன மறந்துட்டாங்க போல."

"அது மைனஸ் இல்ல."

"என்னாண்ணா?"

"அது ப்ளஸ். அந்தத் தொடர்லயே நிஜமா இருக்கிறது அது ஒண்ணுதான். யாரும் கேக்க மாட்டாங்க. கட்டில் காலியானா காலியானதுதான்."

 அவனே தொடர்ந்தான்.

"அங்க மைனஸ் வேற ஒண்ணு இருக்குது. அவன் வீட்டு வாசல்ல வந்து நிக்கிறான்ல. அவங்கம்மா உள்ள இருந்து ஓடியாந்து, மொதல்ல அவன் கையில இருக்கிற பெட்டிய வாங்கிக்கினு, குளிச்சிட்டு வா சாப்டலாம்னு சொல்லுது பாரு. அதான் நம்பற மாதிரியே இல்ல."

படியில் இருந்தவள் பக்கெட்டின் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

இரண்டு வருடம் முந்தி ஒரு விடியற்காலை. கதவு தட்டும் சத்தம். திறந்தால் மகன், தோளில் பை, கையில் பெட்டி, எண்ணெய் வைக்காத தலை. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சர்ச்சில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருந்தாள். திருப்புட்குழிப் பக்கம் ஊரார் கழனியில் நாற்று நட்டவள் பேரன் இன்ஜினியர் ஆகப் போகிறான் என்று எல்லோர் முன்னும் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். அந்தப் பூரிப்பு இன்னும் அடங்காத நேரத்தில் அவன் வாசலில் நின்றான். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன்டா வந்தே? தெருவுக்கு நான் என்னா சொல்லுவேன்?"

அவன் உள்ளே வர அவள் வழிவிட்டாளா என்றுகூட இப்போது ஞாபகம் இல்லை. பெட்டியை அவள் வாங்கவில்லை. அது மட்டும் நிச்சயம்.

மேலே ஷாரோன் ரெக்கார்டிங்கை நிறுத்தியிருந்தாள். "இத வெட்டிடறேண்ணா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கலையரசி எழுந்து மிச்சப் படிகளை ஏறினாள்.

வாசலில் அம்மாவைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். எப்போது வந்தாள், எதுவரை கேட்டாள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"அந்த ஏழாவதப் போடு," என்றாள்.

"என்னாம்மா?"

"அந்தப் பையன் வீட்டுக்கு வரது. எனக்குப் போட்டுக் காட்டு."

ஷாரோன் அண்ணனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் லேப்டாப்பை எடுத்து அம்மா முன்னால் வைத்தாள்.

கலையரசி பாயில் உட்கார்ந்து பார்த்தாள். மழை பெய்தது. ஒரு பையன் நனைந்துகொண்டே நடந்தான். சின்ன வீடு, எண்ணெய் விளக்கு, ஒரு பெண் ஓடி வந்தாள். முந்தானையால் துடைப்பதுபோல ஏதோ துணியால் அவன் தலையைத் துடைத்தாள். பேசியது ஜப்பான் பாஷை. கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்துகளை ஷாரோன் மெதுவாகத் தமிழில் சொன்னாள். அது முடிந்ததும் திரும்பவும் பள்ளிக்கூடம் வந்தது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா. அப்புறம் அவன் வரவேமாட்டான்."

"அந்தம்மா ஏன் வந்தேன்னு கேக்கவே இல்லியே."

"இல்ல."

"கேட்டிருக்கணும்," என்றாள் கலையரசி. "அப்பவே இல்லன்னாலும் சாப்பிட்டப்புறமாவது கேட்டிருக்கணும். புள்ள எதுக்கு வந்துச்சின்னு தெரியாம அது எப்படித் தூங்கும்."

 கீழே தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. அவள் மகன் பக்கம் திரும்பினாள்.

"பிரேமு. ஏம்பா வந்தே?"

அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தறிச் சத்தத்தில் அவன் ஆரம்பித்தது அவர்களுக்கு முதலில் காதில் விழவில்லை.

"மூணு கட்டில் ரூம்மா அது. மூணாவது மாடி, கோடி ரூம். மொத நாளே சேலத்துப் பையன் ஒருத்தன் நல்லாத்தான் பேசினான். காஞ்சிபுரம்னா பட்டு நெய்யறவங்களான்னு கேட்டான். இல்லன்னேன். அப்ப எந்தத் தெருன்னு கேட்டான். சொன்னேன். அப்பாவுக்கு சொந்த ஊர் எதுன்னு கேட்டான், அதுல எந்தப் பக்கம்னான். அதுவும் சொன்னேன்."

கலையரசி கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கேள்விகளின் வரிசை அவளுக்கு மனப்பாடம்.

"அடுத்த வாரம் அவன் வேற ரூமுக்குப் போயிட்டான். இன்னொருத்தன் கொஞ்ச நாள் இருந்தான். அவங்கப்பா வந்து மாத்திக்கினு போனாரு. போகும்போது என் தோளத் தொட்டு, தப்பா நினைச்சிக்காதப்பான்னு சொன்னாரு. பரவால்ல சார்னு நானே அவங்க பெட்டியக் கீழ வரைக்கும் தூக்கிக்கினு போனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் யாரும் வரல. வார்டன் சொன்னாரு, உனக்கு லக்குடா, தனி ரூம்னு." அவன் சிரிக்கப் பார்த்தான். "யாரும் அடிக்கலம்மா. திட்டல. ஒரு வார்த்த தப்பாப் பேசல. அதான் எனக்கு சொல்லத் தெரியல. அடிச்சிருந்தா வந்து சொல்லியிருப்பேன். மெஸ்ல நான் உக்காந்தா அந்த டேபிள்ல எடம் காலியாவே இருக்கும். அவ்ளோதான். ஒரு வருஷம் தாண்டி அப்படியே ஓட்டினேன். ஒரு நாள் கிளாஸ்ல பேரு கூப்டாங்க. பிரசென்ட் சார்னு சொல்லணும். குரலே வரல. மூணு தடவ கூப்டாரு. நான் அங்கதான் உக்காந்துக்கினு இருக்கேன், ஆப்சென்ட் போட்டுட்டாரு. அன்னிக்குதான் கெளம்பினேன்."

ஷாரோன் அழுதுகொண்டிருந்தாள். அவனுக்கு அழுகை வரவில்லை.

"ஒருத்தனாவது போன் பண்ணுவான், எங்கடா போனேன்னு கேப்பான்னு நினைச்சேன். அதுக்குத்தான் இன்னும் அந்த நம்பர மாத்தாம வெச்சிருக்கேன்."

கலையரசி எழுந்து அவனிடம் போகவில்லை. போக வேண்டும் என்று கால் நினைத்தது. இரண்டு வருடம் கழித்துப் போய்த் தொட்டால் அவன் என்ன செய்வான் என்று தெரியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"நான் அங்க போகல," என்றாள் ஷாரோன்.

"போகணும்," என்றான் அவன்.

"எப்படிண்ணா போகச் சொல்றே? கவுன்சிலிங்ல அந்தக் காலேஜ லிஸ்ட்ல மேல போடும்போது நீ பக்கத்துலதான உக்காந்திருந்தே. அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்தே."

"அதுக்காக?"

"நீயும் போகலன்னா, அவங்க சும்மா இருந்ததே போதும்னு ஆயிடும் ஷாரோன். ஒண்ணுமே செய்யாம நம்ம ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு ஆயிடும்."

"அப்ப நான் மட்டும் போய்க் காலி டேபிள்ல உக்காரணுமா? நீ ஜெயிக்காதத நான் போய் ஜெயிக்கணுமா?"

 அவள் கேட்டது நியாயம் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது.

கலையரசியின் போன் அடித்தது. கடை சூப்பர்வைசர். கல்யாணப் பார்ட்டி வந்து உட்கார்ந்திருக்கிறது, எங்கே இருக்கிறாய் என்று கேட்டார்.

"இன்னிக்கு வரல சார்," என்றாள். பிறகு, "நாளைக்கும் வரல," என்றாள். அவர் மேலே பேசுவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

ஹாலுக்குப் போனாள். பெட்டியை மூடப் போகிறாளா, உள்ளே இருப்பதை எடுத்துக் கொட்டப் போகிறாளா என்று ஷாரோனுக்குத் தெரியவில்லை. அவள் பீரோவைத் திறந்து தன் சேலை ஒன்றையும் ரவிக்கையையும் எடுத்து வந்து, மகளின் துணிகளுக்கு மேலே வைத்தாள்.

"நானும் வரேன். அந்த எடத்த நான் பாக்கணும். பாத்துட்டு, நீ சேர்றதா வேணாவான்னு அங்கயே முடிவு பண்ணிக்கலாம்."

"அப்பாதான கூட்டிம்போறேன்னு சொல்லிச்சு," என்றாள் ஷாரோன்.

"உங்கப்பா வேணாம். அது போனா எல்லாருக்கும் வணக்கம் சொல்லிட்டு வந்துடும்."

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். வேலூர் போய் அங்கிருந்து மாற வேண்டும். பிரேம்நாத் பெட்டியைத் தூக்கி வந்து பஸ்ஸில் ஏற்றினான். கலையரசி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். டேனியல் வரும் கம்பெனி பஸ் வாலாஜாபாத்தில் மாட்டிக்கொண்டிருப்பதாகப் போன் வந்திருந்தது. அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை, அவருக்குப் பதில் அம்மா கூடப் போகிறாள் என்பதைத் தவிர.

"நீயும் வரியாண்ணா?" என்று கேட்டாள் ஷாரோன். கேட்டிருக்கக் கூடாது என்று அடுத்த நொடியே தோன்றியது.

அவன் ஒரு கால் படிக்கட்டில் வைத்திருந்தான். அதை எடுத்துக் கீழே வைத்தான்.

"இல்ல. நீங்க போயிட்டு வாங்க."

பஸ்ஸைச் சுற்றி வந்து ஜன்னலுக்குக் கீழே நின்றான். அம்மா முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியைப் பார்த்துச் சொன்னான்.

"கதவுக்குப் பின்னால ஒரு ஆணி இருக்கும். அதுல என் சட்ட ஒண்ணு மாட்டியிருந்துச்சு. நீலக் கட்டம் போட்டது. வரும்போது மறந்துட்டேன்."

"எடுத்துக்கினு வரட்டா?"

"இல்லம்மா. இந்நேரம் எங்க இருக்கப் போவுது. சும்மா சொன்னேன்."

கலையரசி கம்பிகளுக்கு இடையே கையை நீட்டினாள். விரல்கள் அவன் தலைக்கு எட்டவில்லை. அவன் ஒரு அடி முன்னால் வந்தான். எட்டியது. அவ்வளவில் பஸ் நகர்ந்துவிட்டது.

அது வெளியே திரும்பும்வரை அவன் நின்றான். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் போனில் ஷாரோனின் மெசேஜ் வந்தது. 'ண்ணா, அம்மா உங்க ஹாஸ்டல் வார்டன் நம்பர் கேக்குது. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது. பசங்க ஹாஸ்டல்ல விட மாட்டாங்கன்னு சொன்னேன். பாத்துக்கலாம்னு சொல்லுது. பயமா இருக்குது.'

நம்பர் அவனிடம் இருந்தது. அதைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டான். அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை.

"பஸ் போயிடுச்சா?"

டேனியல் எதிரே நின்றார். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, மூச்சு வாங்கியது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் மகளுக்கு வாங்கிய டார்ச் லைட்டும் பிஸ்கட்டும்.

"இப்பதாம்பா."

"கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லியிருக்கலாம்லடா." மகள் போன பக்கமே பார்த்தார். பிறகு பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "உங்கம்மா எதுக்குத் திடீர்னு கெளம்பிச்சு? முகூர்த்த நேரத்துல கடையில லீவு குடுக்கவே மாட்டாங்களே."

பிரேம்நாத் அண்ணாந்து அவரைப் பார்த்தான். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த கால்கள். சட்டைக் காலரில் இயந்திர எண்ணெய். இந்த மனிதரிடம் சொல்வது அம்மாவிடம் சொன்னதைவிடக் கஷ்டமாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. இவர் ஏன் வந்தாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காமலே எல்லாவற்றையும் நம்பியவர்.

"வா, வண்டிய எடு. வீட்டுக்குப் போலாம்," என்றார் டேனியல்.

"கொஞ்ச நேரம் உக்காருப்பா."

"என்னாடா?"

"உக்காரு."

அவர் மகன் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து, பையைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். அரக்கோணம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. ஜனங்கள் இறங்கி, முட்டி மோதி, கலைந்து போனார்கள். சத்தம் அடங்கும்வரை பிரேம்நாத் காத்திருந்தான்.

பிறகு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான்.